பரணில் கிடைத்த மவுண்ட் ரோடு படம்

குழு: குஷன் கடை குடும்பம்

மீனா: [படம்]

மீனா: பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பரணைக் காலி செய்தபோது அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்தது. காரின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பது தாத்தா, அது தெரிகிறது. பின்னால் இருக்கிற கட்டடம் எது? பெரியப்பா, அத்தை, யாராவது சொல்லுங்கள்.

கார்த்தி: ஸ்பென்சரா?

பெரியப்பா: ஸ்பென்சர் சிவப்புக் கட்டடமடா, 1897-இல் கட்டியது. இப்போது பிளாசா நிற்கிற இடத்தில் கூம்புக் கோபுரங்களோடு ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்கும். எண்பதுகளில் தீப்பிடித்துப் போயிற்று. இது அது இல்லை.

கார்த்தி: கருப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு இல்லை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் பெரியப்பா

பெரியப்பா: கோபுரம் இல்லை என்பதைத்தான் சொன்னேன். இது பி. ஆர் அண்ட் சன்ஸ். கடிகாரக் கடை. எனக்குச் சந்தேகமே இல்லை.

ராதா அத்தை: அண்ணா, பி. ஆர் என்றால் மேலே கடிகாரம் எங்கே? அப்பா கடைக்குப் போகிற வழியில் தினமும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தன் கைக்கடிகாரத்தைத் திருகுவார். ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருந்தால் தன்னுடையதைத் திட்டுவாரே தவிர அதைத் திட்ட மாட்டார்.

பெரியப்பா: படத்தில் மேல் பாகம் வெட்டுப்பட்டிருக்கிறது. 1879-இல் சிஷோம் என்கிற வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர் கட்டிய கட்டடம், நான் எத்தனை தடவை உள்ளே போயிருக்கிறேன். மெட்ரோ தோண்டியபோது பின்பக்கம் கொஞ்சம் போய்விட்டது, முன்பக்கம் அப்படியேதான் நிற்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

குமார் சித்தப்பா: மீனா, அந்தக் கண்ணாடி ஜன்னலுக்கு மேலே ஏதோ எழுத்து தெரிகிற மாதிரி இருக்கிறது. பெரிதாக்கி அனுப்பு.

மீனா: [படம்]

மீனா: நான்கு எழுத்துதான் தெரிகிறது சித்தப்பா. ஏ, டபிள்யூ, ஏ, ஒய். அதற்கு முன்னால் இருப்பதைத் தாத்தாவின் தலை மறைக்கிறது.

ராதா அத்தை: வைட்டவே!!

ராதா அத்தை: வைட்டவே லெய்ட்லா கடை. அண்ணா, இப்போது என்ன சொல்கிறீர்கள்

பெரியப்பா: சரி.

பெரியப்பா: சரி, வைட்டவேதான். ராபர்ட் லெய்ட்லா என்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1882-இல் கல்கத்தாவில் ஆரம்பித்த கம்பெனி, கொழும்பு, சிங்கப்பூர், பினாங்கு வரைக்கும் கிளை இருந்தது. துணி, தொப்பி, பீங்கான், குழந்தைகளுக்குப் பொம்மை என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ். கடன் கிடையாது, காசை வைத்தால்தான் சாமான். அதனால் வெள்ளைக்காரர்களே அந்தப் பெயரைக் கிண்டலாகத் திருப்பி ‘ரைட் அவே அண்ட் பெய்ட் ஃபார்’ என்பார்களாம். அதாவது கையில் காசு, கையோடு சாமான். மற்ற ஐரோப்பியக் கடைகளில் துரைகள் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாதக் கடைசியில் கட்டுகிற வழக்கம், இங்கே அந்த வேலை நடக்காது.

கார்த்தி: அப்படியானால் தாத்தா உள்ளே போயிருக்கிறாரா?

பெரியப்பா: அப்பா படியில் கூட ஏறியிருக்க மாட்டார். காரை அங்கே நிறுத்தச் சொன்னது காரின் சொந்தக்காரராகத்தான் இருக்கும். படம் எடுத்ததும் அவராகவே இருக்கலாம், அப்பாவிடம் கேமரா ஏது. வேலை முடிந்து காரைக் கொண்டுபோய் விட்டபோது எடுத்தது என்று நினைக்கிறேன், ஹூட் புதிதாக மின்னுகிறது பார். அந்தத் துணிக் கூரை அப்பா கைவேலை.

மீனா: எந்த வருஷம் இருக்கும்?

குமார் சித்தப்பா: மேலே கம்பி போகிறது, கவனித்தீர்களா? டிராம் கம்பி. மெட்ராஸில் டிராம் 1953-இல் நின்றுவிட்டது. அதற்கு முந்திய படம்.

பெரியப்பா: அப்பா கடை போட்டது சுதந்திரத்துக்குப் பிறகு. அப்படியானால் நாலைந்து வருஷத்துக்குள் அடங்கிவிட்டது. எல்.ஐ.சி. கட்டடமே அப்போது கிடையாது.

கார்த்தி: எல்.ஐ.சி. எப்போது?

பெரியப்பா: 1959. பதினாலு மாடி. அதைக் கட்ட ஆரம்பித்தது எல்.ஐ.சி. இல்லை, தெரியுமா? எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தன் யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக ஆரம்பித்தார். ஐ.ஓ.பி. பேங்கை 1937-இல் தொடங்கினவரும் அவர்தான். 1954-இல் சிங்கப்பூரில் விமானம் விபத்தாகி இறந்துபோனார். இரண்டே வருஷத்தில் இன்ஷூரன்ஸ் எல்லாம் தேசியமயம், பாதிக் கட்டடத்தை அரசாங்கம் எடுத்து முடித்தது. மேலே மாடி ஏற ஏற ஊரே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும், எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயசு. அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிற சாக்கில் நானும் பார்ப்பேன். சாம்பார் சாதம் ஆறிப்போய்த் திட்டு வாங்கியதும் உண்டு.

ராதா அத்தை: சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு சாந்தி தியேட்டரில் போய் நின்றதையும் சொல்லுங்கள்

பெரியப்பா: சாந்தி 1961-இல்தான் வந்தது, அப்போது நான் பெரிய பையன். உமாபதி கட்டி, அப்புறம் சிவாஜி குடும்பம் வாங்கியது. அதுவும் இப்போது இல்லை.

மீனா: தாத்தா ஏன் ஜி.பி. ரோட்டில், அதாவது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், குஷன் கடை போட்டார்? நம் வீடு திருவல்லிக்கேணிதானே, அங்கேயே போட்டிருக்கலாமே.

குமார் சித்தப்பா: இதற்கு நான் பதில் சொல்கிறேன், அண்ணன் பேங்க் வேலைக்குப் போனவர், கடை விஷயம் அவருக்குத் தெரியாது. மவுண்ட் ரோடு முதலில் குதிரை வண்டிக்காரர்களின் ரோடு. சிம்சன் கம்பெனி 1840-இல் தொடங்கியதே கோச் வண்டி கட்டத்தான். 1903-இல் அவர்களே நீராவி கார் ஒன்று செய்து ஓட்டிக் காட்டினார்கள். குதிரை போய் மோட்டார் வந்தபோது கடைகள் அதே ரோட்டில்தான் இருந்தன, சரக்கு மட்டும் மாறியது. எங்கள் தாத்தா, அதாவது உங்கள் கொள்ளுத்தாத்தா, ஒரு கோச் கம்பெனியில் ஸீட்டுக்குத் தேங்காய் நார் அடைக்கிற வேலை பார்த்தவர். அப்பா அவரிடம் படித்ததுதான். ஷோரூம் எல்லாம் மெயின் ரோட்டில், அங்கே வாடகை நம்மால் முடியாது, பக்கத்துத் தெருவில் நுழைந்தால் ஒரு கதவு அகலத்துக்குக் கடை கிடைக்கும். ஸ்பேர் பார்ட்ஸ், குஷன், ஹார்ன், கண்ணாடி என்று ஜி.பி. ரோடு நிறைந்தது அப்படித்தான்.

பெரியப்பா: பேங்க் வேலைக்குப் போனது குற்றமா?

குமார் சித்தப்பா: குற்றம் என்று யார் சொன்னார்கள் அண்ணா. நார் தூசி மூக்கில் போகாமல் தப்பித்தீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ராதா அத்தை: ஆரம்பித்துவிட்டார்கள்.

குமார் சித்தப்பா: சண்டை இல்லை அக்கா. மீனா, நீ பார்த்திருக்க மாட்டாய், எழுதி வைக்கிறேன். முதலில் ஸ்பிரிங்கைக் கயிறால் இழுத்துக் கட்ட வேண்டும், எட்டுப் பக்கம் முடிச்சு. அதன் மேல் கோணிச் சாக்கு. சாக்கின் மேல் நாரை உதிர்த்துப் பரப்பி, கையால் அமுக்கி, குழி விழுகிற இடத்தில் மட்டும் இன்னும் ஒரு பிடி வைத்து, அப்புறம் பஞ்சு, அப்புறம் ரெக்ஸின். ஓரத்தைத் தைக்க வளைந்த ஊசி, பாதி நிலா மாதிரி இருக்கும். நேர் ஊசி உள்ளே போனால் திரும்பி வராது, இது போன வழியே வளைந்து வெளியே தலைகாட்டும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தைப்பார். ஃபோம் வந்தபோது எல்லாம் போயிற்று. மாருதி வந்த புதிதில் ஸீட் கவருக்குக் கூட்டம் தாங்கவில்லை, நல்ல காசு பார்த்தோம், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ரெடிமேட் கவர் வந்ததும் ஊசி பிடிக்கிற ஆளே வேண்டாம் என்றாகிவிட்டது. பிறகு இடத்துக்காரர் விற்றார், நாம் சாவியைக் கொடுத்தோம்.

கார்த்தி: வைட்டவே கட்டடம் இடித்துவிட்டார்களா?

ராதா அத்தை: இடிக்கவில்லை! அதுதானே விஜிபி. உன் அப்பா சொன்னதில்லையா?

கார்த்தி: கோல்டன் பீச் விஜிபியா?

ராதா அத்தை: அவர்களேதான். வைட்டவே போன பிறகு சுதேசமித்திரன் பத்திரிகை அங்கே இருந்தது, விக்டரி ஹவுஸ் என்று பெயர். அதற்கப்புறம் விஜிபி.

மீனா: பாரதியார் வேலை பார்த்த சுதேசமித்திரனா? அப்படியானால் பாரதியார் இந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்!

பெரியப்பா: இல்லை இல்லை. அவர் அந்தப் பத்திரிகையில் சேர்ந்தது 1904, இறந்தது 1921. பத்திரிகை இந்தக் கட்டடத்துக்கு வந்தது அதற்கு ரொம்பப் பிறகு. நாளைக்கு இதை யாராவது நான்கு குழுவில் ஃபார்வர்ட் செய்துவிடாதீர்கள்.

ராதா அத்தை: இருங்கள், நான் ஒன்று சொல்ல வந்தேன், மறந்துவிடப் போகிறேன். என் கல்யாணம் 1978. பீரோ வாங்கக் கையில் பணம் இல்லை. விஜிபி என்றாலே அப்போது தவணைதான், முதலாளி பன்னீர்தாஸ் அதில்தான் பெயர் வாங்கினார், கொஞ்சம் முன்பணம் கட்டினால் சாமான் வீட்டுக்கு வந்துவிடும், மீதியை மாதா மாதம் கட்டலாம். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் வந்து நின்றவர் நகரவே இல்லை. என்னப்பா என்றேன். ‘இதே வாசலில் ரொக்கம் இல்லாதவன் நிற்கக்கூட முடியாதும்மா, இப்போது கடன் சொல்ல உள்ளே போகிறேன்’ என்று சொல்லிவிட்டு ஒரே சிரிப்பு. எனக்கு அப்போது புரியவில்லை. பீரோ எங்கே கைவிட்டுப் போய்விடுமோ என்று மட்டும்தான் பயம்.

பெரியப்பா: இதை நீ எங்களிடம் சொன்னதே இல்லையே.

ராதா அத்தை: நீங்கள் யாராவது கேட்டீர்களா? தவணை அட்டை இன்னும் பீரோ லாக்கரில்தான் இருக்கிறது, மாதத்துக்கு ஒரு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு கையெழுத்து. ஒரே ஒரு மாதம் இரண்டு கட்டத்துக்குச் சேர்த்துக் கட்டியிருக்கிறார், அதற்கு முந்தின மாதம் என்ன கஷ்டமோ.

கார்த்தி: அத்தை, அட்டையைப் படம் எடுத்துப் போடுங்கள்.

ராதா அத்தை: சாவி மருமகளிடம் இருக்கிறது, சாயங்காலம் போடுகிறேன்.

மீனா: ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போய் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்தால் என்ன? எல்.ஐ.சி. மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். ஹிக்கின்பாதம்ஸ் இருக்கிறது, 1904-இல் கட்டிய கட்டடம், அந்தக் கருப்பு வெள்ளைத் தரையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அப்புறம் புஹாரியில் சாப்பாடு.

பெரியப்பா: வரலாம். ஜி.பி. ரோடு முனையில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தையும் பார்த்துவிட வேண்டும், அதுவும் 1897-தான், ஸ்மித் என்கிற மருந்துக் கடைக்காரர் கட்டியது. 2006-இல் இடிக்க ஆரம்பித்து, கோர்ட்டுக்குப் போய்த் தடுத்தார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அப்படியே விட்டு வைத்தால் அதற்குப் பெயர் காப்பாற்றுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

குமார் சித்தப்பா: என் முழங்காலுக்கு அவ்வளவு நடை ஆகாது. நான் நேராகப் புஹாரிக்கு ஆட்டோவில் வந்துவிடுகிறேன். 1951-லிருந்து இருக்கிற ஹோட்டல், நான் வருகிறவரை எங்கும் ஓடிவிடாது.

ராதா அத்தை: மீனா, அந்தத் தகரப் பெட்டியில் வளைந்த ஊசி இருந்ததா பார். அப்பாவுடையது. மரப் பிடி போட்ட கத்தரிக்கோலோடு ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார்.

மீனா: கத்தரிக்கோல் இருக்கிறது அத்தை. துணியும் இருக்கிறது. ஊசி இல்லை.

பெரியப்பா: குமார்?

பெரியப்பா: குமார், ஆன்லைனில்தானே இருக்கிறாய்.

குமார் சித்தப்பா: என்னிடம்தான் இருக்கிறது. அப்பா காரியத்தன்றே எடுத்தேன், உங்கள் யாரிடமும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.