கை குலுக்கினால் முதுகுவலி போகுமா?

கொத்துக்கரண்டி:
பக்கத்து இழையில் மஞ்சள்தூரிகை எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. உடலுழைப்பு, வலி, ஆறுதல் மூன்றையும் கோத்து ஒரு கலைக்காட்சி எப்படி இருக்கவேண்டும் என்று பாடம் எடுத்திருக்கிறார். அதில் ஒரு வரி: “அமெரிக்கப் பெண் கலைஞர் மியர்லி லேடர்மன் யூகலஸ் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களோடு கைகுலுக்கியதே ஒரு சிகிச்சைதான்.” சிகிச்சையாம்! மூட்டை தூக்கி டிஸ்க் விலகிப் படுத்திருப்பவனுக்கு ஓவியர் வந்து கை கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவானா?

மஞ்சள்தூரிகை:
ஒரு வரியை வெட்டியெடுத்துக் கூத்தடிப்பது உங்களுக்குப் புதிதில்லை. சிற்ப இழையிலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள். நான் எழுதியதை முழுசாகப் போடுகிறேன். யூகலஸ் 1977இல் நியூயார்க் துப்புரவுத் துறையில் சம்பளமில்லாத கலைஞராகச் சேர்ந்தார். 1979-80இல் நகரம் முழுக்கச் சுற்றி, ஒவ்வொருவர் கையையும் பிடித்து, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி சொன்னார். அவர்கள் வேலை செய்யும் அசைவுகளைக் கூடவே நின்று தானும் செய்தார். 1984இல், அவர்கள் வாங்கிய வசவுகளைக் காட்சிக்கூடக் கண்ணாடியில் எழுதி, ஆட்களை அழைத்துக் கழுவி அழிக்க வைத்தார். இது ஆற்றவில்லை என்றால் எது ஆற்றும்?

கொத்துக்கரண்டி:
கண்ணாடி சுத்தமாச்சு, சந்தோஷம். முதுகு?

நாடிபார்ப்பவன்:
பிசியோதெரபி என் தொழில் என்பதால் ஒன்று சொல்கிறேன். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நயாஷ், எல்லாம் சாதகமாக இருந்தாலே 23 கிலோதான் தூக்கலாம் என்கிறது. சுமை உடம்பை விட்டுத் தள்ளிப்போனாலோ, இடுப்பைத் திருப்பினாலோ, அடிக்கடி தூக்கினாலோ அதுவும் குறையும். நம் சிமெண்ட் மூட்டை 50 கிலோ. இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி வைத்தால் அது கண்காட்சி. மற்றதெல்லாம் அலங்காரம்.

மஞ்சள்தூரிகை:
சுவரில் எழுத ஆஸ்பத்திரி இருக்கிறது ஐயா. காட்சிக்கூடம் எதற்கு?

ஆவணப்பித்தன்:
இரண்டு பேரும் தவறான ஆளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். பிரெஞ்சு ஓவியர் கூர்பே 1849இல் வரைந்த ‘கல்லுடைப்பவர்கள்’ படத்திலிருந்து தொடங்கவேண்டும். ஒரு வயசாளி, ஒரு பையன். இருவர் முகமும் தெரியாது, உழைக்கும் உடம்பு மட்டும்தான். அது இல்லாமல் இந்தத் தலைப்பில் ஒரு காட்சியா?

கொத்துக்கரண்டி:
அந்தப் படம் 1945இல் போரில் அழிந்துபோனது பித்தரே. ஆணி அடித்துக் காற்றை மாட்டுவீர்களா?

ஆவணப்பித்தன்:
புகைப்படம் இருக்கிறது. அழிந்ததைச் சொல்வதும் காட்சியின் பகுதிதான்.

கொத்துக்கரண்டி:
சரி, புகைப்படத்தையே மாட்டுங்கள். பக்கத்தில் சிலிக்கோசிஸ் பற்றியும் எழுதுங்கள். கல்தூசி நுரையீரலில் தங்கிவிட்டால் அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பார்க்க வருபவர் ஆறுதல் அடைந்து வீட்டுக்குப் போகலாம், கல்லுடைத்தவர் மூச்சு வாங்கிக்கொண்டேதான் இருப்பார். திரும்பவும் கேட்கிறேன், 8,500 கை குலுக்கியதில் ஒரு முதுகாவது நிமிர்ந்ததா?

பழையபாக்கி:
நடுவில் வருகிறேன். மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலையை எல்லாரும் மறந்துவிட்டீர்களே! தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் பாறையை நகர்த்துகிறார்கள். வெளியூர்க்காரர் கை குலுக்கினால்தான் உங்களுக்குக் கலையா?

நாடிபார்ப்பவன்:
அந்த நால்வரும் பயில்வான்கள் மாதிரி இருக்கிறார்கள். இருபது வருஷம் பாறை நகர்த்திய உடம்பு அப்படி இருக்காது.

பழையபாக்கி:
சிலையை ஸ்கேன் எடுக்கச் சொல்வீர்கள் போல. உழைப்பவனைக் கம்பீரமாகக் காட்டினால் உங்களுக்கு ஏன் வலிக்கிறது?

மஞ்சள்தூரிகை:
எனக்குப் பிடித்தது பிரெஞ்சு ஓவியர் கைபோத்தின் ‘தரை சீவுபவர்கள்’, 1875. சலோன் என்ற பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சி ஒதுக்கிய படம், மறு வருஷம் இம்ப்ரஷனிஸ்டு ஓவியர்களின் காட்சியில் வந்தது. ஜன்னல் வெளிச்சம் அந்த முதுகுகளில் விழும் அழகைப் பாருங்கள்.

கொத்துக்கரண்டி:
உங்கள் கண்ணுக்கு வெளிச்சம் தெரிகிறது, எனக்கு முட்டி தெரிகிறது. மூன்று பேரும் வெறும் தரையில் முட்டி போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க அப்படிக் கிடந்தால் முட்டிக்கு முன்னால் நீர்ப்பை வீங்கும். வரைந்தவர் பணக்கார வீட்டுப் பிள்ளை. யூகலஸ் கதையும் அதேதான். கூலிக்காரன் உடம்பு வைத்துக் கலைஞருக்குப் பெயர்.

மஞ்சள்தூரிகை:
1973இல் ஹார்ட்ஃபோர்டு அருங்காட்சியகத்தின் படிகளை அவரே தேய்த்துக் கழுவினார். அதையும் சொல்லுங்களேன். சொல்லமாட்டீர்கள். பெண் செய்தால் அது வேலையாகவே தெரியாது உங்களுக்கு.

கொத்துக்கரண்டி:
இதோ, பெண் என்று ஆரம்பித்துவிட்டார். கேள்விக்குப் பதில் இல்லையென்றால் இப்படித்தான். நான் கேட்டது படியை இல்லை, கையை. 8,500 கை!

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். தலைப்புக்குத் திரும்புங்கள்.

கொத்துக்கரண்டி:
தலைப்பே நான் வைத்ததுதான் சார். 1700இலேயே ராமசினி என்ற இத்தாலிய மருத்துவர், நோயாளியிடம் நீ என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்கச் சொல்லிப் புத்தகம் எழுதினார். கேட்டார், நோயைத் தொழிலோடு பொருத்திப் பார்த்தார். அதற்குப் பெயர் சிகிச்சை.

மஞ்சள்தூரிகை:
யூகலஸும் கேட்கத்தானே செய்தார்? மருத்துவர் கேட்டால் சிகிச்சை, கலைஞர் கேட்டால் நாடகமா? நல்ல நியாயம்!

கொத்துக்கரண்டி:
கேட்டுவிட்டு மருந்து கொடுத்தாரா, கை கொடுத்தாரா?

பழையபாக்கி:
என் சிலைக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஆவணப்பித்தன்:
என் கூர்பேவுக்கும்தான்.

நாடிபார்ப்பவன்:
23 கிலோ கணக்கையாவது யாராவது படித்தீர்களா?

கொத்துக்கரண்டி:
படித்தேன் டாக்டரே. அது இரண்டு கையாலும் பெட்டி தூக்குவதற்கான சூத்திரம். ஒற்றைக் கையால் தூக்கவும், முட்டி போட்டுத் தூக்கவும், சுமந்துகொண்டு நடக்கவும் பொருந்தாது என்று நயாஷ்காரர்களே எழுதியிருக்கிறார்கள். சித்தாள் தலையில் சட்டியோடு சாரம் ஏறுகிறாள், அவளுக்கு எத்தனை கிலோ என்று சொல்லுங்கள். மஞ்சள்தூரிகை, நீங்கள் நழுவவேண்டாம், உங்களிடம் கேட்டது அப்படியே நிற்கிறது.