கடன் வளர்கிறது என்கிறார்கள், சுங்கை சிப்புட்டில் யாருக்குக் கிடைக்கிறது?

குலை_லோரி எழுதியது:

வணக்கம். மாதக் கடைசியானால் நம் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா முந்தைய மாதத்துக் கணக்கை வெளியிடுகிறது. குடும்பக் கடன் இவ்வளவு ஏறியது, வணிகக் கடன் இவ்வளவு ஏறியது என்று செய்தியிலும் வந்துவிடுகிறது. நானும் தொடர்ந்து கவனித்து வருகிறேன். குடும்பக் கடன் வளர்ச்சி ஐந்தரை, ஆறு விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது, வணிகக் கடன்தான் ஏறி இறங்குகிறது.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் (பாமாயில் பனை) குலை ஏற்றுகிறவன், சொந்தமாக இரண்டு லோரி இருக்கிறது. மூன்றாவது லோரிக்குக் கடன் கேட்டால் வங்கியில் இந்தப் படிவம், அந்தப் படிவம் என்று இழுத்தடித்து, கடைசியில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதே சமயத்தில் பக்கத்து வீட்டுத் தம்பி, தொழிற்சாலை வேலைதான், புதுக் காடியை (காரை) ஒரே வாரத்தில் எடுத்து வந்து வாசலில் நிறுத்திவிட்டான். அவன்மேல் எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை. ஆனால் வணிகக் கடன் வளர்கிறது என்றால் அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது? 2025 ஜூலையில் ஓ.பி.ஆர். என்கிற பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75-க்கு இறங்கியதே, அதனால் எங்களுக்கு என்ன பலன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ_மேசை பதில்:

தம்பி, நான் ஈப்போவில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் நெடுநாள் இருந்தவன், இப்போது ஓய்வு. நியாயமான கேள்வி கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்த விழுக்காடு புதிதாகக் கொடுத்த கடனின் அளவு அல்ல. ஊரில் மொத்தம் நிலுவையில் இருக்கும் கடன் போன வருடம் இதே மாதத்தைவிட எவ்வளவு கூடியது என்பதுதான் அது. மளிகைக் கடையில் பாக்கி எழுத 555 நோட்டு வைத்திருப்பார்களே, அதில் பாக்கி கூடியிருந்தால் ஆட்கள் நிறைய சாமான் வாங்கினார்கள் என்றும் இருக்கலாம், பழைய பாக்கியைக் கட்டவில்லை என்றும் இருக்கலாம், கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 2020-இல் இதுதான் நடந்தது. ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்று ஒத்திவைப்பு கொடுத்தார்கள், திருப்பிக் கட்டும் பணம் குறைந்தது, நிலுவை இறங்காமல் நின்றது. நாட்டின் உற்பத்தியும் அந்த வருடம் சுருங்கியதால் குடும்பக் கடன் மொத்த உற்பத்தியில் 93 விழுக்காடு வரை போனது. ஊரே கடன் வாங்கிக் குவித்துவிட்டது என்று அப்போது பேசினார்கள், அது பாதி உண்மைகூட இல்லை.

அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது விண்ணப்பம், ஒப்புதல், பட்டுவாடா, திருப்பிக் கட்டியது என்ற நான்கு வரிசைகள். எல்லாம் பேங்க் நெகாராவின் மாத அட்டவணையிலேயே இருக்கிறது, எந்த நோக்கத்துக்குக் கடன், எந்தத் துறைக்குக் கடன் என்றும் பிரித்துப் போட்டிருக்கும். ஒரு மாதத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சீனப் பெருநாள் மாதத்தில் வேலை நாள் குறைவு, வருடக் கடைசியில் காடி விற்பனை சூடு பிடிக்கும். 2022 ஜூனில் விற்பனை வரி விலக்கு முடியப் போகிறது என்றதும் காடிக்கு முன்பதிவு எப்படி குவிந்தது என்று நினைவிருக்கும். மூன்று மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள், அப்போதுதான் போக்கு தெரியும்.

இப்போது பணம் எங்கே போகிறது என்பதற்கு வருகிறேன். வங்கிக் கடனில் பெரிய பங்கு குடும்பங்களுக்குத்தான், அதிலும் ஐந்தில் மூன்று பங்கு வீட்டுக் கடன். வீடு ஈடாக இருக்கிறது, சம்பளச் சீட்டு இருக்கிறது, 35 வருடம் வரை தவணை வரும். வங்கிக்கு இதைவிட நிம்மதியான கடன் கிடையாது. வணிகக் கடன் அப்படியில்லை. ஒரு பெரிய நிறுவனம் ஒரு மாதத்தில் பெரிய தொகையை எடுத்தாலோ அடைத்தாலோ நாட்டுக் கணக்கே ஆடும், நீங்கள் சொன்ன ஏற்ற இறக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். அதோடு, தனியார் துறைக் கடன் என்று சொல்லும் மொத்தக் கணக்கில் பெரிய கம்பெனிகள் வெளியிடும் கடன் பத்திரங்களும் சேர்ந்திருக்கும். உங்கள் லோரி போகும் தோட்டத்தின் முதலாளி நிறுவனம் பத்திரச் சந்தையிலேயே பணம் திரட்டிக்கொள்ளும், கிளை மேலாளர் முன்னால் வந்து உட்காரத் தேவையில்லை. அந்த வழி உங்களுக்கு இல்லை.

தோட்டத்துப்_பிள்ளை பதில்:

அண்ணா, காடி விஷயத்தை நான் சொல்கிறேன், எங்கள் வீட்டிலேயே பார்த்தது. புதுக் காடிக் கடன் பெரும்பாலும் நிலையான வட்டிதான், ஓ.பி.ஆர். இறங்கினாலும் ஏற்கெனவே எடுத்த காடிக்கு ஒரு காசு குறையாது. என் தம்பி 50,000 வெள்ளியை (ரிங்கிட்) 3 விழுக்காட்டில் 9 வருடத்துக்கு எடுத்தான். வட்டி மட்டும் 13,500, மாதம் 588 வெள்ளி. மூன்று விழுக்காடுதானே என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வர, வட்டியோ முதல் நாள் தொகைக்கே கணக்கிடப்பட்டது. குறையும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் அது ஐந்தரை விழுக்காடு வருகிறது. இதை விற்பனையாளர் யாரும் சொல்லவில்லை. குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி என்னும்போது 588 என்பது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

வீட்டுக் கடனில் வட்டி குறைந்தது உண்மை. 35 வருடத்துக்கு 2 லட்சம் வெள்ளி வாங்கியவருக்கு 0.25 விழுக்காடு குறைந்தால் மாதம் சுமார் 30 வெள்ளி மிச்சம். ஆனால் தோட்டத்து வீட்டிலேயே ஆயுசைக் கழித்தவர்களுக்கு ஏது வீட்டுக் கடன்? வேலை முடிந்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும்போது அவர்களுக்கு அறுபது வயது, பெரும்பாலான வங்கிகள் 70 வயதுக்குள் கடனை முடிக்கச் சொல்கின்றன. வீட்டுக் கடன் வளர்கிறது என்ற செய்தியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இவர்கள் ஞாபகம்தான் வருகிறது, மனம் ஆறவில்லை. நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு எஸ்.ஜே.கே.பி. என்கிற அரசாங்க வீட்டுக் கடன் உத்தரவாத நிறுவனத்தின் உத்தரவாதத்தோடு வீட்டுக் கடன் உண்டு, பிள்ளைகள் வேலைக்குப் போகும் வீடுகளில் அதைச் சீக்கிரமே விசாரித்து வையுங்கள்.

இன்னொன்று, ஆலோங்கிடம், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரனிடம் வாங்கியது, கூட்டு (சீட்டு) கட்டியது, கடையில் பாக்கி வைத்தது எதுவும் இந்த மாதக் கணக்கில் வராது. வங்கி கதவடைத்தால் ஆள் கடன் வாங்காமல் இருந்துவிடுவதில்லை, கணக்கில் தெரியாத இடத்தில் போய் வாங்குகிறார். உரிமம் உள்ள வட்டிக் கடைக்காவது சட்டத்தில் வரம்பு இருக்கிறது, ஈடு வைத்தால் வருடத்துக்கு 12 விழுக்காடு, ஈடு இல்லையென்றால் 18. ஆலோங்குக்கு ஏது வரம்பு?

பழைய_பால்மரம் பதில்:

நம் ஊர்க்காரர், அப்போது அமைச்சராக இருந்த சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது எதற்கு? வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்கள் துண்டு போடப்பட்டபோது தொழிலாளிகளிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டம் வாங்கினார்கள். வங்கியை நம்பியிருந்தால் ஒரு ஏக்கர்கூட வந்திருக்காது. லோரிக்காரர்களும் சேர்ந்து ஒரு கூட்டுறவு வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பேச ஆள் இருந்தால் நானும் வருகிறேன்.

குலை_லோரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஈப்போ ஐயா, ஒரு சந்தேகம். காடிக்கு ஒரே வாரம், லோரிக்கு ஏன் இத்தனை இழுபறி? இரண்டும் சக்கரம் உள்ள ஈடுதானே? அப்புறம், வேறு வழி ஏதாவது இருக்கிறதா?

ஈப்போ_மேசை பதில்:

தவணையில் வண்டி வாங்குவதற்கான வாடகைக் கொள்முதல் சட்டத்துக்குள் உங்கள் லோரி வராது தம்பி. சுமையோடு சேர்த்து 2,540 கிலோவுக்கு மேல் போகும் சரக்கு வண்டி 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இல்லை, அது வங்கிக்கும் உங்களுக்கும் உள்ள தனி ஒப்பந்தம். பக்கத்து வீட்டுத் தம்பியின் காடிக்குச் சம்பளச் சீட்டைப் பார்த்தால் போதும், உங்களுக்கு வருமானமே குலை விலையையும் மழையையும் பொறுத்தது. பழைய லோரியை மறுபடி விற்கவும் ஆள் தேட வேண்டும். நான் மேசையில் இருந்தபோது எனக்குப் பெரிய தலைவலி, லோரிக்காரர்கள் பாதிப் பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டு வங்கிக் கணக்கில் காட்டாமல் விடுவதுதான். நல்ல உழைப்பாளி என்று தெரிந்தும் கோப்பில் காட்ட ஒன்றும் இல்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அதனால் குலையை வாங்கும் செம்பனை மில் தரும் பணம் முழுவதும் ஒரே கணக்கில் விழட்டும், எடைச் சீட்டுகளை மாதவாரியாகக் கட்டி வையுங்கள். சி.சி.ஆர்.ஐ.எஸ். என்கிற பேங்க் நெகாராவின் கடன் வரலாற்று அறிக்கையை நீங்களே இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் கடந்த 12 மாதத் தவணை விவரம் தெரியும், ஓரிரு மாதம் தள்ளிக் கட்டியிருந்தால் அது வழக்கத்துக்கு வரும்வரை காத்திருந்து விண்ணப்பியுங்கள். ஈடு போதவில்லை என்று மறுத்திருந்தால் சி.ஜி.சி. என்கிற கடன் உத்தரவாதக் கழகத்தின் உத்தரவாதத்தோடு தருவார்களா என்று அதே கிளையில் கேளுங்கள், 1972-இலிருந்து அதற்காகவே இருக்கும் நிறுவனம் அது. சிறு தொகையென்றால் சிறு தொழில் கடன் தரும் அரசாங்க நிறுவனமான தெக்குனின் ஸ்பூமி, இந்தியர்களான நம்மவர்களுக்கான திட்டம், ஆனால் லோரியின் முழு விலைக்கு அது பற்றாமல் போகலாம், டயர், ரிப்பேர் செலவுக்கு உதவும். மறுப்புக்கு என்ன காரணம் என்று முதலில் கேட்டு வாங்கி இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.