முன்பக்கம் 44 செ.மீ., பின்பக்கம் 40 செ.மீ.: ஸ்வெட்டர் பின்னுபவர்கள் உதவுங்கள்

டெல்லியில் இருக்கும் பத்து வயதுப் பேத்திக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன். டிசம்பர் முதல் வாரத்தில் பார்சல் போக வேண்டும். எட்டு இழை உல்லன் நூல், 4 மி.மீ. ஊசி, ஒவ்வொரு பக்கத்துக்கும் 88 கண்ணி (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்).

பின்பக்கத்தை ஆகஸ்டில் தினமும் மத்தியானம் உட்கார்ந்து முடித்தேன். 10 செ.மீ.க்குச் சரியாக 22 கண்ணி. அப்புறம் கொலு, தீபாவளி பட்சணம், இப்போது மழை. நங்கநல்லூரில் எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர் போகும் குழாய் இலை அடைத்துக்கொள்ளும். தூறல் விழுந்தால் துணியெடுக்கவும் ஓட வேண்டும். முன்பக்கத்தை நாலு வரிசை, ஆறு வரிசை என்றுதான் பின்ன முடிந்தது. இதில் அதே 10 செ.மீ.க்கு 20 கண்ணிதான் வருகிறது, அதனால்தான் அகலம் 4 செ.மீ. கூடிவிட்டது. அவசரத்தில் வரிசை நடுவே வைத்துவிட்டு எழுந்த இடங்களில் கண்ணி தளர்ந்து ஏணி போலத் தெரிகிறது. முறுக்கு பிழிந்த அன்று பின்னியதுதான் ரொம்ப மோசம், மணிக்கட்டில் பிடியே இல்லை.

இரண்டு முறை பிரித்துப் பின்னிவிட்டேன். 3.75 ஊசிக்கு மாறினால் நல்ல நாளில் பின்னும் பகுதி விறைத்துப் போகிறது. கை வியர்வைக்குப் பவுடரும் போட்டுப் பார்த்தேன். நனைத்து அளவுக்கு விரித்து வைத்தேன். இந்த ஈரத்தில் ஃபேனுக்கடியில் மூன்று நாளாகியும் காயவில்லை.

குளிர் வருவதற்குள் குழந்தை கையில் இது இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே விட்டு விட்டுப் பின்னும்போதும் நூலின் இழுப்பு ஒரே மாதிரி இருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?