இன்ஜினைப் பிரித்து மாட்டிய பிறகும் சரியாகாத வண்டி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நெடுஞ்சாலை:
ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது என்று ஒன்பது நாள் ஒர்க்ஷாப்பில் விட்டு எடுத்த வண்டி. வீட்டுக்கு வந்த பதினோராவது நாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மறுபடி அதே வெள்ளைப் புகை. குளிர்ந்த இன்ஜினில் வருகிற புகை கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இது அடங்கவில்லை, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் அந்த இனிப்பு வாடையும் சேர்ந்து வந்தது. பானெட்டைத் திறந்து ஆயில் மூடியைத் திருகி எடுத்தேன். உள்பக்கம் முழுக்க, மண் கலந்து குழைத்த சுண்ணாம்பு மாதிரி அப்பியிருந்தது. விரலால் வழித்தேன். வழவழவென்று வந்தது, நடுவில் தண்ணீர் முத்து முத்தாகப் பிரிந்து நின்றது. புது ஆயில் ஊற்றி இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

திரும்பக் கொண்டுபோய் நிறுத்தினேன். இந்த முறை ஹெட்டைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். மெக்கானிக் பத்து ஹெட் போல்ட்டையும் பெஞ்சில் வரிசையாக வைத்தார். தலையில் மூலை தேய்ந்து, மரையில் பழைய துரு. "இது பழசுதானே அண்ணே, புதுசு போடலையா?" என்றேன். "போல்ட்டுக்கு என்ன சார், இரும்புதானே" என்றார். முதல் பில்லில் 'ஹெட் போல்ட் செட் 1' என்று எழுதிக் காசு வாங்கியிருக்கிறார். பில் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டினேன். வாங்கி முழுதாகப் படித்தார். பழைய மடிப்பிலேயே மறுபடி மடித்து என் கையில் வைத்துவிட்டு ஸ்பானரை எடுக்கப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது.

பழைய டீசல்:
போல்ட் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். பல இன்ஜின்களில் அந்தப் போல்ட் இறுக்கும்போதே இழுபட்டு நீளும்படிதான் செய்யப்பட்டிருக்கும். முதலில் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) ஓர் அளவு, அப்புறம் 90 டிகிரி திருப்பு, சில வண்டிகளில் இன்னொரு 90 டிகிரி. ஒருமுறை இழுபட்டது மறுபடி அந்தப் பிடியைக் கொடுக்காது. இரும்புதானே என்று ஒரு மெக்கானிக் சொல்லலாமா?

எனக்கு நடந்தது சின்ன வேலையில். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சேம்பரில் கசிவு. சிலிக்கான் பேஸ்ட் தடவி ஒட்டிக் கொடுத்தார்கள். கசிவு சுத்தமாக நின்றது, நானும் மறந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு ஏற்றத்தில் சிவப்பு ஆயில் விளக்கு ஒரே ஒரு நொடி எரிந்து அணைந்தது. அங்கேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். வேறொரு இடத்தில் சேம்பரை இறக்கினார்கள். ஆயில் பம்ப்பின் ஸ்ட்ரெய்னர் வலையில் சாம்பல் நிற ரப்பர் துண்டுகள், புழுப் புழுவாக. பாதிக்கு மேல் அடைப்பு. பேஸ்ட்டை அள்ளிப் பூசி இறுக்கினால் வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். வெளியே பிதுங்கியதை அழகாகத் துடைத்திருந்தார்கள். பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டான கிராங்க்கின் பேரிங்கைக் கழற்றியபோது மேல்பூச்சு போய் உள்ளே செம்பு நிறம் தெரிந்தது. அந்த ஒரு நொடி விளக்கை நான் பார்க்காமல் விட்டிருந்தால் இன்ஜின் அன்றைக்கே இறுகி சீஸ் ஆகியிருக்கும்.

வெயில்காலம்:
நெடுஞ்சாலை, கோபித்துக்கொள்ளாதீர்கள். கேஸ்கெட் முதலில் ஏன் போனது என்று நீங்கள் எழுதவே இல்லையே. டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் ஓட்டினீர்களா? அலுமினிய ஹெட் ஒருமுறை நன்றாகச் சூடேறினால் வளைந்துவிடும். வளைந்த ஹெட்டின் மேல் தங்கத்தில் போல்ட் போட்டாலும் நிற்காது. நேர்கோலை வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (கனம் குறித்த மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். 0.1 மில்லிமீட்டர் நுழைந்தாலே பல இன்ஜின்களுக்கு அது அதிகம், சீவிச் சமதளமாக்க லேத்துக்கு, அதாவது ஃபேசிங்குக்கு அனுப்ப வேண்டும். பழி முழுவதையும் போல்ட் மேல் போடுவதற்கு முன் இதையும் பாருங்கள்.

நெடுஞ்சாலை:
ஓட்டவில்லை. ரேடியேட்டர் ஓஸ் வெடித்தது, முள் ஏறியதைப் பார்த்ததுமே நிறுத்திவிட்டேன். அந்தக் கொஞ்ச நேரமே போதுமானதாக இருந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் பில்லில் 'ஃபேசிங்' என்றும் ஒரு வரி இருக்கிறது. எந்த லேத்தில் செய்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஹெட்டையும் பழைய போல்ட்டுகளையும் அப்படியே வாங்கி வேறொருவரிடம் கொண்டுபோனேன். அவர் நேர்கோலை வைத்ததும் நடுவில் 0.15 மில்லிமீட்டர் தகடு தடையில்லாமல் உள்ளே போனது. ஃபேசிங் செய்த ஹெட்டில் அது எப்படிப் போகும்?

முல்லை:
எனக்கு டைமிங் பெல்ட், கீழே கிராங்க்கையும் மேலே வால்வைத் திறக்கும் கேமையும் ஒரே கணக்கில் சுற்ற வைப்பது. மாற்றிக் கொண்டுவந்த நாளிலிருந்து வண்டியில் இழுவையே இல்லை, ஐடிலில் நடுங்கியது. மூன்று முறை திரும்பப் போனேன். முதல் முறை "புது பெல்ட் செட்டாக நாளாகும்மா." இரண்டாம் முறை "பெட்ரோல் சரியில்லை." மூன்றாம் முறை "நீங்க ஓட்டுற விதம் அப்படி, வீட்டுல சார் யாராவது இருந்தா வரச் சொல்லுங்க." பன்னிரண்டு வருஷமாக நான்தான் அந்த வண்டியை ஓட்டுகிறேன். பெல்ட் மாற்றுவதற்கு முந்தைய நாள்வரை என் ஓட்டுதலில் குறையில்லை, மறுநாள் மட்டும் எப்படி வந்தது?

இன்னொரு மெக்கானிக் மேல் கவரைக் கழற்றி, கிராங்க்கில் ஸ்பானரை மாட்டிக் கையாலேயே முழுதாக இரண்டு சுற்று சுற்றினார். கீழே கிராங்க் குறி நேராக வந்து நின்றது. மேலே கேம் புல்லியின் குறி ஒரு பல் தள்ளி நின்றது. "பாருங்கம்மா, ஒரே பல்" என்று டார்ச் அடித்துக் காட்டினார். இன்னும் ஒன்றிரண்டு பல் தள்ளியிருந்தால் இந்த வகை இன்ஜினில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்திருக்கும் என்றும் சொன்னார். மாட்டியதும் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் செய்யாதவர்கள் என் ஓட்டுதலைக் குறை சொன்னார்கள்.

ஸ்பானர் பதினான்கு:
நான் மெக்கானிக். மேலே உள்ள எல்லாவற்றையும் படித்தேன். முல்லை அம்மாவிடம் பேசியது தப்பு, அதில் இரண்டு பேச்சே இல்லை. ஆனால் ஹெட் விஷயத்தில் எங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. "லேத்துக்கெல்லாம் வேண்டாம், கேஸ்கெட் மட்டும் மாத்திக் குடுங்க, நாளைக்கு வண்டி வேணும்" என்று நிற்கிறவர்கள் பத்தில் பாதிப் பேர். அப்படிச் செய்து கொடுத்து, மறுபடி போனால் பழி எங்கள் மேல். செய்யாத வேலைக்குப் பில் போட்டவனுக்காக நான் பேசவில்லை. அவன் செய்தது திருட்டு.

என் கையாலும் ஓர் இன்ஜின் போயிருக்கிறது. தொழிலுக்கு வந்த இரண்டாவது வருஷம். சாதாரண ஆயில் சர்வீஸ். பழைய ஃபில்டரைக் கழற்றினேன், அதன் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. அதன் மேலேயே புது ஃபில்டரை இறுக்கினேன். ஸ்டார்ட் செய்து பார்த்தபோது ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அவர் வேகமெடுத்துப் போனபோது இரட்டை வளையம் பிதுங்கி, மொத்த ஆயிலும் ரோட்டில். நான் போய்ச் சேர்ந்தபோது ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் அந்தப் பழைய வளையம் நாக்கு மாதிரி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஓனர் பார்ப்பதற்கு முன் பிடுங்கிப் பையில் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. போடவில்லை, காட்டினேன். இன்ஜின் வேலை என் செலவு. இருபது வருஷம் ஆகிறது, இன்றைக்கும் ஃபில்டரைக் கழற்றியதும் விரலை விட்டு அந்த இடத்தைத் தடவிப் பார்க்காமல் புதுசை மாட்டியதில்லை.

கணக்குப்புலி:
எனக்கு நடந்தது இரண்டே வரி. ஆயில் குடிக்கிறது என்று பிஸ்டன் ரிங் மாற்றினார்கள், மாற்றிய பிறகும் குடித்தது, பிரச்சினை வால்வு சீலில் இருந்தது. ஆனால் சில விஷயம் சொல்ல வேண்டும். இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது) எடுத்து எந்த சிலிண்டரில் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஏறினால் ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ. கேஸ்கெட் சந்தேகம் என்றால் ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கிற நீல மருந்து இருக்கிறது, பெட்ரோல் வண்டியில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் மஞ்சளாகும். இதெல்லாம் ஹெட்டைத் தொடாமலே தெரிந்துகொள்ளலாம். அப்புறம், வண்டியை விடும்போது "கேஸ்கெட் மாத்துங்க" என்று நீங்களே மருந்து எழுதாதீர்கள். "காலையில் வெள்ளைப் புகை வருகிறது, கூலன்ட் குறைகிறது" என்று நோயை மட்டும் எழுதுங்கள், கிலோமீட்டரையும் குறியுங்கள். நீங்கள் சொன்னதை மாற்றி, அதனால் சரியாகவில்லை என்றால் அவர் பொறுப்பில்லை என்பார். கழற்றிய ஸ்பேர் அத்தனையும் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடைசி நாள் கேட்டால் குப்பைக்குப் போயிருக்கும். திரும்ப வந்ததும் கூலன்ட்டில் காற்று எடுத்தார்களா என்று கேளுங்கள். காற்று நின்றுவிட்டால் ஹீட்டர் குளிர்ந்த காற்றைத் தள்ளும், ஒழுங்காகச் செய்த ஹெட்கூட மறுபடி சூடேறிப் போகும்.

முல்லை:
கணக்குப்புலி சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் இங்கே யாரும் எதுவும் கேட்காமல் இருக்கவில்லை. நெடுஞ்சாலை பில்லையே காட்டினார். நான் மூன்று முறை போனேன். கேட்டதற்குப் பதில் சொல்லாதவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். ஸ்பானர் பதினான்கு, அந்த வளையத்தை நீங்கள் காட்டியதாகப் படித்ததும் கொஞ்ச நேரம் வேறெதுவும் படிக்கத் தோன்றவில்லை.

நெடுஞ்சாலை:
வண்டி இன்று கைக்கு வந்தது. இந்த முறை லேத் சீட்டு இருக்கிறது, ஃபேசிங் முடிந்து நானே கோலை வைத்துப் பார்த்தேன். நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஆயில் மூடியைத் திறந்தேன், சுத்தமாக இருக்கிறது.

புது மெக்கானிக் பழைய போல்ட் ஒன்றையும் புதுசு ஒன்றையும் பெஞ்சில் தலைகீழாகப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். பழசு ஒரு நகத்தின் கனம் உயரமாக நின்றது. மேலே விரலை வைத்து இழுத்தால் தட்டுகிறது. பத்தையும் துணியில் சுற்றித் தரச் சொல்லி வாங்கி வந்திருக்கிறேன். நாளைக் காலையில் முதல் ஒர்க்ஷாப் திறக்கும்போது அந்த மடித்த பில்லோடு போய் நிற்கப் போகிறேன்.