பொருள்: ஹார்டனிங்குக்குத் தமிழில என்ன? வெள்ளிக்கிழமை அச்சு

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களுக்கு ஒரு வீட்டுத்தோட்டக் கைநூல் மொழிபெயர்க்கிறன். அதில ஒரு அத்தியாயம் பனி கொட்டுற ஊரில தோடை, தேசி எல்லாம் வெளியில வளக்கிறதைப் பற்றி. ரூட்ஸ்டொக்குக்கு, அதுதான் ஒட்டு மரத்தில வேரோட அடியில நிக்கிற மரத்துக்கு, ஒட்டுக்கட்டை இருக்கு, டோர்மன்சிக்கு உறங்குநிலை இருக்கு, ஹார்டனிங்கிலதான் இடறுது.

விசயம் இதுதான். மாரி வாறதுக்கு முன்னம் கொஞ்சம் கொஞ்சமா குளிர் படப்பட, கிட்டத்தட்ட 13 பாகைக்குக் கீழ போனா மரம் தளிர் விடுறதை நிப்பாட்டுது, கலங்களில சீனி சேருது, பிறகு வாற கடுங்குளிரைத் தாங்குது. சட்சுமா மண்டரின் இப்பிடிப் பழகி நிண்டா மைனஸ் 9 மட்டும் தாங்கும், அதே மரம் தளிரோட நிண்டா மைனஸ் 3, 4 வந்தாலே அடிவாங்கும். இந்தப் பழகிற வேலைக்கு ஒரு சொல் வேணும். கெதியா சொல்லுங்கோ.

ரீச்சர் எழுதியது:

இதில யோசிக்க என்ன இருக்கு? வன்மைப்படுத்தல். நாற்றுக்கு அப்பிடித்தானே படிப்பிக்கிறம். இருக்கிற சொல்லை விட்டிட்டுப் புதுசு தேடினா பிள்ளையள்தான் குழம்பும்.

கொட்டாஞ்சேனை தம்பி எழுதியது:

ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. நாற்றை வன்மைப்படுத்திறது நாங்கள், தண்ணியைக் குறைச்சு நிழலை எடுத்து. இஞ்ச செய்யுறது மரம், தானாவே. பிறவினையைப் போட்டா வாசிக்கிறவர் தான் ஏதோ செய்யோணும் எண்டு நினைச்சுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியில போவார். தன்வினைதான் வேணும்.

இன்னொண்டு, தாங்குதிறன் வேற, இது வேற. யூசு எண்ட ஜப்பான் தேசிக்குத் தாங்குதிறன் பிறவியிலயே இருக்கு. லெமன், தேசி ரெண்டும் கொஞ்சம் வெயில் கண்டாலே தளிர் விடும், ஒழுங்கா ஓயாது, அதுதான் அதுகள் முதல்ல போறது. தாங்குதிறனுக்கும் பழகிறதுக்கும் ஒரே சொல்லைப் போட்டா அத்தியாயமே கெட்டுப்போகும்.

புலவர் ஐயா எழுதியது:

அன்பர்களே, 'வன்மை' நல்ல சொல்தான், ஆனால் வன்மத்தின் வாடை அடிக்கிறது. 'உரமேறல்' என்று வைப்போம். உரம் என்றால் வலிமை, திண்மை. உரவோர் என்பது யாருக்குத் தெரியாது? ஏறல் தன்வினை, தம்பியின் குறையும் தீர்ந்தது.

கூடவே ஒன்று. அந்த அத்தியாயத்தில் சிட்ரஸை 'சித்திரசு' என்று பாடநூல் பாணியில் எழுதிவிடாதீர்கள். நாரத்தை நம் சொல். அதே வேர்தான் சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ் என்று நடந்து ஐரோப்பாவில் ஒரேஞ் ஆனது. தேசியும் தோடையும் சிங்களத்தில் தெஹி, தொடம் என்று நிற்கின்றன, சகரம் ஹகரமாவது அங்கே வழக்கம்தான். பம்ளிமாசு மட்டும் ஒல்லாந்தன் கொண்டுவந்த பெயர்.

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பு எழுதியது:

ஐயா, பம்ளிமாசு இந்த அத்தியாயத்தில இல்லை. உரமேறல் கேக்க வடிவாத்தான் இருக்கு, ஆனா அடுத்த பந்தியைப் பாருங்கோ: "கோடை கடைசிக்குப் பிறகு நைதரசன் உரம் போடவேண்டாம், போட்டா புதுத்தளிர் வரும், பனியில மரம் போகும்." அதுக்கு மேல நான் "பனிக்கு முன் மரத்துக்கு உரமேற வேண்டும்" எண்டு எழுதினா, ஆள் நேர கடைக்குப் போய் யூரியா வாங்கும். மரத்தைக் கொல்லுற கலைச்சொல் எனக்கு வேண்டாம்.

கொட்டாஞ்சேனை தம்பி எழுதியது:

காய்ப்பேறல் எண்டா? மண்வெட்டி பிடிச்ச கை காய்ச்சுப்போற மாதிரி.

ரீச்சர் எழுதியது:

பழமரத்துக்குக் காய்ப்பேறல்! காய் பிடிச்சிட்டுது எண்டுதான் வாசிப்பினம். பதப்படுத்தல் எண்டு ஆரும் வரமுதல் சொல்லுறன், அது ஜாம் போத்தல்.

வத்தளை அக்கா எழுதியது:

நான் நுவரெலியா பக்கம் பொறந்து வளர்ந்தவ, அதனால சொல்றேன். தை மாசி மாசத்துல ராத்திரி பனி விழுந்தா காலையில தேயிலைக் கொழுந்து கருகிப் போயிருக்கும், அடியில முத்தின இலை நல்லாவே இருக்கும். எங்க பக்கத்துல அதை 'குளுருக்குப் பழகின இலை'ன்னுதான் சொல்லுவோம். கொழும்புல ஃபேன் போட்டுக்கிட்டு வன்மை, உரம்னு சண்டை போடுறீங்க, 'பழக்கம்'னு ஒரு சொல் சும்மா கெடக்கு.

கொட்டாஞ்சேனை தம்பி எழுதியது:

அக்கா சொல்லுறது சரி. குளிர்ப்பழகல். இதுக்கு ஒரு நல்ல உதாரணமும் இருக்கு, நூலில இல்லாட்டி சேருங்கோ. 1894 டிசம்பரில புளோரிடாவில கடும்பனி, பழமும் இலையும் போச்சு, மரங்கள் கனக்கத் தப்பிச்சுது. பிறகு சில கிழமை நல்ல வெயில், மரமெல்லாம் தளிர் விட்டுது. 1895 பெப்ரவரியில திரும்பப் பனி, அதில மரம் அடியோட போச்சு. ரெண்டாந்தரம் குளிர் வரேக்க மரம் பழக்கம் விட்டுப்போய் நிண்டது. 'உரம் விட்டுப்போய்' எண்டு இதை எழுதேலாது, 'பழக்கம் விட்டுப்போய்' எண்டு எழுதலாம். எதிர்ப்பக்கத்துக்கும் சொல் கிடைக்குது பாருங்கோ. அந்த அழிவுக்குப் பிறகுதான் அமெரிக்காவில குளிர் தாங்கிற மூவிலைத் தோடையையும் சாதாரண தோடையையும் கலந்து சிட்ரேஞ்ச் எண்ட கலப்பு எடுத்தவை.

புலவர் ஐயா எழுதியது:

மூவிலைத் தோடை என்கிறீர்களே, அது குளிர்காலத்தில் இலையுதிர்த்து மைனஸ் 20 வரை நிற்கும் மரம் அல்லவா? மூன்று இலை, முள், ஒரே குடும்பம். வில்வமும் அந்தக் குடும்பம்தான். 'பனிவில்வம்' என்று வையுங்கள், அழகாக இருக்கும்.

ரீச்சர் எழுதியது:

ஐயா, சிவராத்திரிக்கு லண்டனில அதைப் பிடுங்கிக்கொண்டு கோயிலுக்குப் போவினம்.

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பு எழுதியது:

பனிவில்வம் எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா போடேல்ல. ஒட்டுக்கு மேல ஒரு சாணுக்கு மண் அணைக்கச் சொல்லுற இடத்தில "மேல்மரம் செத்து அடியில மூவிலைத் தளிர் வந்தா அது ஒட்டுக்கட்டை, பழம் வாயில வைக்கேலாது" எண்டு வருது. அங்க மூவிலை எண்ட சொல்லே ஆளைக் காப்பாத்தும்.

இப்பத்தைய கணக்கில அக்கா, தம்பி, தனியா மெயில் போட்ட ரெண்டு பேர் குளிர்ப்பழகல் பக்கம். அதையே போடுறன். திறனுக்கு குளிர்தாங்குதிறன். பழக்கம் விடுறதுக்குக் குளிர்ப்பழக்கம் நீங்கல். இனி மாத்தேலாது, பக்கம் அமைக்கிறவர் ஃபோன் மேல ஃபோன்.

புலவர் ஐயா எழுதியது:

பழகல் என்பது நண்பர்களுக்குள் நடப்பது. மரமும் குளிரும் கைகுலுக்குகின்றனவா? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். உரமேறல் அடுத்த பதிப்பில் வரும்.

ரீச்சர் எழுதியது:

நூலில என்னத்தைப் போட்டாலும் போடுங்கோ. என்ர வகுப்பில வன்மைப்படுத்தல்தான், சோதினையில மார்க்ஸ் அதுக்குத்தான் விழும்.