ஒப்புமைச் சோதனைக்கு வரும் ஆய்வேடுகள்

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில், முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சமர்ப்பிப்பதற்கு முன் ஒப்புமைச் சோதனை செய்யும் பிரிவில் பணியாற்றுகிறேன். ஏற்கெனவே வெளிவந்த எழுத்துகளோடு ஏடு எத்தனை சதவீதம் ஒத்திருக்கிறது என்று மென்பொருளில் பார்ப்பதுதான் இந்தச் சோதனை. பென் டிரைவை நீட்டும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "மேடம், பத்துக்குள்ள வந்துடுமா?" என்பதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைச் சமர்ப்பிக்க முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்தாகும். இந்த எண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பொதுவாக அறியப்பட்ட செய்திகளில் தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை ஒத்திருப்பதற்கு அளிக்கப்பட்ட விலக்கைக்கூட, பிறர் எழுத்தை எடுத்தாள்வதற்கான அனுமதி என்று தவறாகப் புரிந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரலாற்றுத் துறை மாணவி ஒருவரின் ஏட்டில், முந்தைய ஆய்வுகளை விவரிக்கும் இயல் ஏறத்தாழ முழுவதும், ஒத்த வரிகளை மென்பொருள் காட்டும் வண்ணக் குறியீட்டுடன் வந்தது. "நான் யாரையும் பார்த்துக் காப்பி அடிக்கலை மேடம்" என்று கண்கலங்கியவர், மறுநாள் தம் குறிப்பேடுகளைக் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொரு குறிப்பின் மேலும் நூலின் பெயர் இருந்தது. பக்க எண் இல்லை. எது நூலாசிரியரின் வரி, எது தம் எண்ணம் என்று பிரித்துக்காட்ட ஒரு மேற்கோள் குறிகூட இல்லை. நெடுநாள் கழித்து எழுத உட்கார்ந்தபோது, தம் கையெழுத்தில் இருந்ததெல்லாம் தம்முடையதாகவே அவருக்குத் தோன்றியிருக்கிறது.

சில இடங்களில் அவர் மாற்றி எழுதவும் முயன்றிருந்தார். "கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் தேக்கி வைப்பதால் பருத்திச் சாகுபடிக்கு ஏற்றது" என்று நூலில் இருந்தது, "கரிசல் நிலம் ஈரப்பதத்தை நீண்டகாலம் தேக்கி வைப்பதால் பருத்தி பயிரிட உகந்தது" என்று ஆகியிருந்தது. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்க, சொற்கள் மட்டுமே மாறியிருந்தன, அடிக்குறிப்பும் இல்லை. சொந்த நடையில் எழுதுவது என்றால் இதுதான் என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார்.

அந்த நம்பிக்கையை ஊட்டியது நம் பள்ளிகள்தாம் என்பது என் உறுதியான கருத்து. புத்தகத்தில் உள்ள விடையை வரி பிசகாமல் எழுதியதற்கு முழு மதிப்பெண் பெற்றுப் பழகிய பிள்ளை, இளநிலைப் பட்டத்தின் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கும் சீனியரின் பழைய பைண்டிங்கைப் பார்த்து எழுதித் தேர்ச்சி பெற்றுவிடுகிறது. அதே செயல் குற்றமாகும் என்று முனைவர் பட்டத்தின் வாசலில் திடீரென்று சொல்கிறோம்.

தெரிந்தே செய்பவர்கள் இல்லாமல் இல்லை. உதவித்தொகை முடியப்போகிறது, வேலைக்கு நேரமாகிறது என்ற நெருக்கடியில் பணம் கொடுத்து எழுதி வாங்குகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர்கள் வரிகளை மாற்றித் தரும் மென்பொருளிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். ஆங்கில நூலின் பகுதியைத் தமிழில் பெயர்த்துத் தம்முடையதாகத் தருவதும் உண்டு. அது பெரும்பாலும் எங்கள் மென்பொருளில் சிக்குவதில்லை. குறைந்த சதவீதத்தை நேர்மைக்குச் சான்றாக நெறியாளர்கள் ஏற்றுக்கொள்வது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஆய்வு நெறிமுறைகள் குறித்து 30 மணி நேரப் பாடத்தை மானியக் குழு 2019 இறுதியில் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியது நல்ல செயல். ஆனால் அது இளநிலை முதலாண்டிலேயே வர வேண்டியது. எங்கள் பிரிவில் இப்போது, புதிதாகச் சேரும் ஆய்வாளர்களைத் தம் குறிப்பேட்டோடு வரச் சொல்கிறோம். நூலை மூடிவைத்துவிட்டு, படித்ததை நினைவிலிருந்து எழுதி, பிறகு நூலைத் திறந்து சரிபார்த்துப் பக்க எண்ணைக் குறிக்கப் பழக்குகிறோம். அந்த வரலாற்று மாணவியும் அந்த இயலை இவ்வாறே முழுதாகத் திரும்ப எழுதி, கெடுவுக்கு முன்பே சமர்ப்பித்தார்.