ஈஜோக் தொகுதி: 2008 முதல் இந்தியப் பிரதிநிதி இல்லாமல் போனது ஏன்?

பெர்ஜுந்தை இளவல்:
வணக்கம். நான் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவைச் சேர்ந்தவன். வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் இது பத்தாங் பெர்ஜுந்தைதான். எங்கள் ஈஜோக் சட்டமன்றத் தொகுதியை "நம்மவர் தொகுதி" என்றே தாத்தா சொல்வார். ம.இ.கா.வின் (மலேசிய இந்திய காங்கிரஸ்) சிவலிங்கமும் அவருக்குப் பின் பார்த்திபனும் அமர்ந்த இடத்துக்குக் காலிட் இப்ராஹிம், இட்ரிஸ் அகமட், இப்போது ஜெஃப்ரி மெஜான் எனப் பிறர் வந்துவிட்டனர். இந்தியத் தொழிலாளர்கள் வாழ்ந்த தோட்டங்கள் காலியானதுதான் காரணமா?

செம்பனைக்காட்டார்:
தம்பி, தாத்தா சொன்னதில் பாதிதான் சரி. 2007 இடைத்தேர்தலின்போது சுமார் 12,000 வாக்காளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மலாய்க்காரர்கள். இந்தியர்கள் கால் பங்குக்குச் சற்று மேல். சீனர்கள் ஐந்தில் ஒரு பங்கு. அப்படியிருந்தும் ம.இ.கா. வென்றதென்றால், அப்போது ஆண்ட கூட்டணியான தேசிய முன்னணியின் தொகுதிப் பங்கீட்டில் ஈஜோக் அக்கட்சிக்கு ஒதுக்கப்பட்டதும், மலாய்க் கம்பங்களில் (கிராமங்களில்) அதே கூட்டணியின் மலாய்க் கட்சியான அம்னோவின் கிளைகள் அதற்காக வாக்குச் சேகரித்ததும்தான் காரணம். பங்கீட்டில் கிடைத்த இடத்தை நாம் சொந்த நிலமென்று நினைத்துக்கொண்டோம்.

பழைய முகவர்:
சிவலிங்கம் மறைந்ததால் 2007 ஏப்ரல் 28 அன்று நடந்த அந்த இடைத்தேர்தலில் ம.இ.கா. சாவடியில் பெயர் பார்த்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. அப்போது துணைப் பிரதமராக இருந்த நஜிப் ஒரு பக்கமும் எதிர்க்கட்சியின் அன்வார் மறுபக்கமும் ஊரிலேயே முகாமிட்டது போல் வந்துபோனார்கள். பல ஆண்டுகளாகக் குண்டும் குழியுமாகக் கிடந்த எங்கள் கோயில் சாலைக்குப் பிரச்சார நாள்களில்தான் தார் போட்டார்கள். வாக்களிக்க வந்த பாட்டி ஒருவரின் செருப்பில் அந்தத் தார் ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். பார்த்திபன் 1,850 வாக்குகள் வித்தியாசத்தில் எதிர்க்கட்சி வேட்பாளர் காலிட்டைத் தோற்கடித்தார். 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் அதே காலிட் இங்கே வென்று மந்திரி பெசாராகவும் (மாநில முதல்வராகவும்) ஆனார். இடையில் கழிந்தது பத்து மாதங்களுக்குச் சற்று மேல். அதற்குள் எந்தத் தோட்டமும் காலியாகிவிடாது. மாறியது மக்களின் மனம். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இந்தியர்களின் உரிமை கேட்டு நடந்த ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பிறகு, பரம்பரையாகத் தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்துக்குக் குத்திய வீடுகளில்கூடப் பிள்ளைகள் பெற்றோரோடு வாதாடினார்கள்.

செம்பனைக்காட்டார்:
முகவர் ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் 2008ஐ மட்டும் வைத்து இன்றைய நிலையை விளக்க முடியாது. தோட்ட மக்கள் கிள்ளான், ஷா ஆலம் பக்கத்துத் தாமான்களுக்கு (நகரக் குடியிருப்புகளுக்கு) குடிபெயர்ந்தது மெல்ல மெல்ல வேலை செய்தது. முகவரியை மாற்றியவர்களின் வாக்கும் அவர்களோடே போய்விட்டது. 18 வயதிலேயே வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் வந்த பின், 2023 ஆகஸ்ட் 12 அன்று நாடாளுமன்றத் தேர்தலோடு சேராமல் தனியாக நடந்த சிலாங்கூர் தேர்தலில் ம.இ.கா. எந்தத் தொகுதியிலும் போட்டியிடவில்லை. அம்முறை 56 இடங்களில் 22 பெரிக்காத்தான் நேசனல் கூட்டணிக்குப் போயின, ஈஜோக்கும் அவற்றில் ஒன்று.

பெர்ஜுந்தை இளவல்:
மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் வாக்காளர் பட்டியலைவிடக் கூட்டணிகளின் தொகுதிப் பங்கீட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் போலிருக்கிறது.

பழைய முகவர்:
ஆமாம் தம்பி. வேட்புமனு நாளில் போய் விசாரித்துப் பயனில்லை. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அது முடிவாகியிருக்கும்.